அத்தையின் தலை சொன்ன ஆமாம்

“ஏண்டி, உனக்கு வேற பொழப்பே இல்லியா? காலேஜுக்குப் போனமா, வந்தமா, ஃபோன நோண்டுனமான்னு இல்லாம, கெழவி எதுக்குப் பொய் சொன்னா, எதுக்கு முழிச்சான்னு நோண்டிக்கிட்டுக் கெடக்கற. கேள்வி கேக்கற வாயத் தெச்சுத்தான் போடணும்.”

இப்படித் திட்டியும் பார்த்தேன். நீ அசைவதாக இல்லை. கையில் இருந்த தாளை என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறாய். தர்மபுரியில் என் நெஞ்சில் பசையைத் தடவி, டி.வி. மாதிரி ஒன்றில் என் இதயத்தை ஓடவிட்டுப் பார்த்து எழுதிக் கொடுத்த தாள். அதில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. நீ ஒரே மூச்சில் படித்துவிட்டாய்: அயோர்ட்டிக் ரிகர்ஜிடேஷன். அதை என் வாய்க்குள் போட்டு உருட்டுவதற்கு எனக்கு மூன்று டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

ஆனால் நீ கேட்பது அந்த வார்த்தையைப் பற்றி இல்லை. அந்த டாக்டர், மீசைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “பாட்டி, உங்க தலை லேசா ஆடுதே, தெரியுமா? உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி ஆடியிருக்கா?” என்றார்.

“இல்லீங்க தம்பி. எங்க குடும்பத்துல எல்லாருக்கும் வறட்டுப் புடிவாதம். எதுக்கும் தலையாட்டற பழக்கமே கெடையாது” என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் உன் மணிக்கட்டைக் காட்டினாய். டாக்டர் அதைக் கேட்டபோது நான் பிடித்த பிடியில் என் நகம் நான்கும் பதிந்திருந்தது. “ஆயா, நீ பொய் சொன்ன. யாருக்கு ஆடுச்சு?” என்கிறாய்.

சரி, உட்கார். சொல்கிறேன். ஆனால் நடுவில் கேள்வி கேட்காதே. ஒன்பது வயதில் நான் கேட்ட கேள்விகளே இந்தக் குடும்பத்துக்குப் போதும்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். எனக்கு அத்தை. ஓசூர் போகிற பாதையில் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா தக்காளி லாரி ஓட்டுபவர். வாரத்தில் நான்கு நாள் பெங்களூரில் இருப்பார். கல்யாணமான மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், அத்தையையும் ஒரு தகரப் பெட்டியையும் ரோட்டோரம் இறக்கிவிட்டு மாமா லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வரவில்லை.

ரோட்டிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க அத்தை நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். வருகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் அத்தை என்னைப் பார்த்து ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

பெரிய ஆட்டம் இல்லை. அவள் காதில் தொங்கிய ஜிமிக்கியைப் பார்த்தால்தான் தெரியும். மற்றவர்கள் மேல் படாத காற்று ஒன்று அவள் காதில் மட்டும் வந்து வந்து மோதுவதுபோல் அது அசையும். நின்றாலும் ஆமாம், உட்கார்ந்தாலும் ஆமாம். களி தின்னும்போது களியைப் பார்த்து ஆமாம். எதிரே யாரும் இல்லாதபோது, எதிரே இருந்த யாருக்கோ ஆமாம்.

அத்தையின் மாமியார் சொல்லியனுப்பிய காரணம் மறுநாள் பால்காரர் வழியாக வந்து சேர்ந்தது. “உங்க பொண்ணு யாருக்கோ பதில் சொல்லிக்கிட்டே இருக்குது. நாங்க கூப்புட்டா மூச்சு வாங்குது. கண்ணுக்குத் தெரியாதவங்க கூப்புட்டா மட்டும் ஆமாங்குது. வூட்ல வெச்சுக்கப் பயமா இருக்குது.”

“நான் ஆட்டலண்ணா, அது தானா ஆடுது” என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். அப்பா வேறு பக்கம் பார்த்தார். சின்ன வயதில் அத்தைக்கு மூட்டெல்லாம் வீங்கி மாதக்கணக்கில் காய்ச்சல் அடித்ததாம். அப்போது பிடித்தது ஏதோ விடவில்லை என்று அம்மா கிசுகிசுத்தாள். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று மாமா ஒரு முறை சொல்லியிருந்தாராம். அத்தை அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் யாரும் பெங்களூரைப் பார்த்ததில்லை. அந்த ஊருக்கு வழி தெரிந்தவர், அங்கே பேச பாஷை தெரிந்தவர், மாமா ஒருவர்தான். மாமா என்றைக்காவது திரும்பி வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவார், அங்கே சரியாகிவிடும். அத்தைக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். இதை மட்டும் மறந்துவிடாதே.

மாசியில் மாரியம்மன் பண்டிகை வந்தது. கோயிலில் கற்பூரம் காட்டுகிறவர் எங்கள் பெரியப்பா, அப்பாவுக்கு அண்ணன். ஆட்டை வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத் துலுக்குவது என்போம். துலுக்கினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். துலுக்காவிட்டால் கத்தியைத் தொடக்கூடாது. வாயால் பேசுவது மனுஷர், உடம்பால் பேசுவது சாமி. எங்கள் ஊரில் இதைப் பற்றிச் சந்தேகப்பட்டவர் கிடையாது.

அந்த வருஷம் ஆடு துலுக்கவில்லை. மூன்று குடம் ஊற்றியாயிற்று. ஆடு கண்ணை மூடிக்கொண்டு, யாரோ தன்னைக் குளிப்பாட்டிப் பெண் பார்க்க அனுப்பப்போவதுபோல் சுகமாக நின்றது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பறை அடித்தவர்கள் கை ஓய்ந்து நிறுத்திவிட்டார்கள். கூட்டம் முணுமுணுத்தது. பெரியப்பா இரண்டு கையையும் தூக்கி, “தாயே, உத்தரவு குடுக்கறியா, இல்லியா?” என்று கத்திக்கொண்டே திரும்பினார். எதிரே வேப்பமரத்தில் சாய்ந்து அத்தை உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்து ஆமாம், ஆமாம் என்றாள்.

அதே சமயம் ஆடு கொம்பிலிருந்து வால்வரை உதறியது.

மஞ்சள் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. அவ்வளவு வெயிலில் அது எப்படி அத்தனை குளிர்ச்சியாக இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஆட்டைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தார்கள். அவள் எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அத்தையை யாரும் சீக்காளி என்று சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில் ஆட்கள் வந்தார்கள். பெரியப்பா விபூதித் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தலை ஆடினால் ஆமாம், ஆடாவிட்டால் இல்லை என்று அவர் வைத்தார். ஆட்டம் லேசானது, வயதானவர்கள் கண்ணுக்குப் பிடிபடாது. பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எனக்குக் கண் கூர்மை என்று என்னை அத்தையின் காலடியில் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் கேட்பார்கள். நான் ஜிமிக்கியைப் பார்ப்பேன். “ஆமாங்குது” என்பேன். பொரியும் வெல்லமும் வாழைப்பழமும் என் பக்கம் வரும்.

எதைக் கேட்டாலும் ஆமாம்தான் வரும் என்பது எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. பெரியப்பாவுக்கு மூன்றாம் நாள் தெரிந்திருக்கும். நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆடாத நேரமே கிடையாது என்பதால், இல்லை என்ற பதிலை ஊரில் யாரும் வாங்கிக்கொண்டு போனதில்லை. எல்லோரும் சந்தோஷமாகத்தான் போனார்கள்.

ஒருத்தி காலையில் வந்து, மருமகள் வயிற்றில் இருப்பது ஆண்பிள்ளையா என்று கேட்டாள். ஆமாம். மத்தியானம் அந்த மருமகளின் அம்மா வந்து பெண்பிள்ளையா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம். பொழுது சாய்வதற்குள் இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து சண்டைக்கு வந்தார்கள். பெரியப்பா தட்டைப் பார்த்தார். நான்தான் எழுந்து, “ரெண்டு பேரும் சரியாத்தான் கேட்டிருக்கீங்க. ரெட்டப் புள்ள” என்றேன். வாசலே சிரித்தது.

பங்குனியில் அந்த மருமகளுக்கு ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் தெருவில் போனால் பெரியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கே என் வாயைத் தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது.

அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கையாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது. ஆட்கள் போன பிறகு, “ஏ மருமவளே, எந்தலைய எனக்குக் கொஞ்ச நேரம் திருப்பிக் குடுங்கடி. சீவிக்கிட்டுத் தந்துடறேன்” என்பாள். சிரிக்க ஆரம்பித்தால் மூச்சு முட்டி நடுவிலேயே நின்றுவிடும்.

இனிமேல்தான் நான் செய்த காரியம் வருகிறது.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம். வீட்டில் எல்லோரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அத்தைக்கு மல்லாந்து படுக்க முடியாது, மூச்சு அடைக்கும். கேழ்வரகு மூட்டை இரண்டை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியாக இறங்கிய வெயிலில் அவள் நிழல் சுவரில் விழுந்திருந்தது. அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். நிழல் விழித்துக்கொண்டு ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. தூங்குகிறவளைக் கேட்டால் இல்லை என்று வருமா என்று பார்க்க வேண்டும்.

“அத்தை, தூங்கறியா?” ஆமாம்.

“நீ கழுதையா?” ஆமாம். சிரிப்பை அடக்கப் பாவாடையை வாயில் திணித்துக்கொண்டேன்.

“செத்துப்போன தாத்தா உங்கிட்டப் பேசறாரா?” ஆமாம். பாவாடையை வாயிலிருந்து எடுத்தேன்.

“இப்ப வூட்டுக்குள்ள நம்ம ரெண்டு பேரத் தவுர வேற யாராச்சும் இருக்காங்களா?”

அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட வாயை மூடுவதற்குள் ஜிமிக்கி அசைந்துவிட்டது. ஆமாம். ஆமாம். ஆமாம்.

என் முதுகுப் பக்கம் சமையல் அறை. அங்கே ஏதோ உருண்டு நின்றது. பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் எங்கள் வீட்டில் பூனை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. சுவரைப் பார்த்தால் நிழல், “இருக்காங்க, இருக்காங்க” என்கிறது. ஓடிப்போய் அத்தையின் மடியில் விழுந்து அவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டேன். காது அவள் மார்பில் பதிந்தது.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இடி மாதிரி ஓர் அடி, அதன் பின்னாலேயே நீளமாக ஒரு பெருமூச்சு. மறுபடி அடி, மறுபடி பெருமூச்சு. அத்தையின் மூச்சு அது இல்லை. அவள் மூச்சு வேறு கணக்கில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே வேறொருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்தை எனக்கு முன்பே தெரியும். எங்கே கேட்டோம் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கிணற்று மோட்டாருக்கு அந்த வருஷம் புட் வால்வு கெட்டிருந்தது. குழாயின் அடியில், தண்ணீருக்குள் இருக்கிற சின்னக் கதவு அது. தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அதில் உள்ள தோல் தேய்ந்துவிட்டால் மேலே ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும். அப்புறம் குடம் குடமாகக் குழாயில் ஊற்றி நிரப்பினால்தான் மோட்டார் இழுக்கும். அப்பா என்னைக் கூப்பிட்டு, “ஏ புள்ள, காது வெச்சுக் கேளு, எறங்குதா?” என்பார். நான் இரும்புக் குழாயில் காதை வைப்பேன். உள்ளே தண்ணீர் பெருமூச்சு விட்டுக்கொண்டே இறங்கும்.

அதே சத்தம். அத்தைக்குள்ளே ஏதோ மேலே ஏறுகிறது. ஏறியது திரும்ப இறங்குகிறது.

முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்தில் நரம்பு, பல்லியின் தொண்டை மாதிரித் துள்ளியது. துள்ளியதும் ஜிமிக்கி ஆடியது. துள்ளல், ஆட்டம். துள்ளல், ஆட்டம். அவள் விரல் நகத்தை லேசாக அமுக்கினேன். நகத்துக்கு அடியில் சிவப்பு வந்தது, போனது, வந்தது, போனது. எல்லாம் ஒரே கணக்கு. அத்தை யாருக்கும் பதில் சொல்லவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

இன்றைக்கு அந்தச் சின்ன டாக்டர் இதைத்தான் சொன்னார். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். “இதயத்துலேர்ந்து மேல போற பெரிய குழாய்க்குப் பேரு அயோர்ட்டா. அது வாசல்ல ஒரு கதவு இருக்கு. ரத்தம் போனதும் மூடிக்கணும். உங்களுக்குச் சரியா மூடல. போனதுல கொஞ்சம் திரும்பி உள்ளயே வருது” என்றார். “புட் வால்வுங்களா தம்பி?” என்றேன். அவரும் தோட்டத்து வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது. “அதேதான் பாட்டி, தோல் தேஞ்ச புட் வால்வு” என்றார். ரிகர்ஜிடேஷன் என்றால் எதுக்களிப்பது, கைக்குழந்தைக்குப் பால் எதுக்களிக்கிறதே அப்படி, என்று நர்ஸ் பொண்ணு எடுத்துக்கொடுத்தாள். திரும்பி வந்ததையும் சேர்த்து இதயம் அடுத்த முறை ஓங்கித் தள்ளுகிறதாம். முற்றிப்போனால் அந்தத் தள்ளலில் தலையே அசையுமாம். அவ்வளவுதான் விஷயம். ஒன்பது வயதில் என் காது கண்டுபிடித்ததற்குப் பெயர் தெரிய இத்தனை வருஷம் ஆயிற்று.

எல்லோரும் காட்டிலிருந்து வந்ததும் அப்பாவிடம் ஓடினேன். “அப்பா, அத்தைக்குப் புட் வால்வு ஒழுகுதுப்பா!”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பெரியப்பாவுக்கு அதைவிட. “அப்படின்னா வாயில ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டு சுவிச்சப் போட்டுடலாமா?” என்றார். ஒரு வாரம் ஊரெல்லாம் இதே பேச்சு. கிணற்றடிக்குப் போனால், “ஏ புள்ள, எங்கூட்டுக்காரருக்கும் கொஞ்சம் காது வெச்சுப் பாரு” என்பார்கள். தெருவில் வழிவிட்டு நின்ற பெரியவர்கள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். “நீ ஒருத்திதாண்டி என்னக் கேக்காம, எனக்குள்ள என்னான்னு கேட்டிருக்க” என்றாள்.

சித்திரையில் அத்தையின் மாமியார் வருவதாகத் தகவல் வந்தது. மாமாவுக்கு வேறு பெண் பார்த்திருக்கிறார்கள். அத்தையின் சம்மதம் கேட்கப் பெரியவர்களோடு வருகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். “நாளைக்கு உன்னத்தான் பாத்துச் சொல்லச் சொல்லுவாங்க. எங்கழுத்தக் காட்டு. அது நரம்பு துடிக்கறது, சாமி இல்லன்னு சொல்லு. அவரு வேற கட்டிக்கிட்டா அப்புறம் என்னப் பெங்களூருக்கு யாருடி கூட்டிட்டுப் போவாங்க? சொல்லுவியா?”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த வீட்டில் அத்தனை மாதங்களில் நடந்த தலையாட்டல்களில் அது ஒன்றுதான் பொய்.

மறுநாள் வந்தார்கள். மாமா உள்ளே வரவில்லை, ரோட்டில் லாரியிலேயே இருந்தார். மாமியார்க்காரி ஒரு பை நிறையப் பெங்களூர் பேக்கரியின் தேங்காய் பன் கொண்டுவந்து நேராக என் மடியில் வைத்தாள். அப்படி ஒரு வாசனையை நான் அதற்கு முன் முகர்ந்ததில்லை.

“எங்க பையனுக்கு வேற எடத்துல பாத்திருக்குது. நீ ஒத்துக்கிட்டாத்தான் மேக்கொண்டு. உனக்குச் சம்மதமா, சொல்லு தாயி” என்றாள்.

“சம்மதமில்லீங்க” என்றாள் அத்தை. “எனக்கு ஒடம்புல நோவு. பேயும் இல்ல, சாமியும் இல்ல. அவர என்னப் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க. நல்லானதும் நானே உங்க வூட்டுக்கு வந்துடறேன்.”

பேசப் பேச அவளுக்குப் படபடத்தது. படபடக்கப் படபடக்கத் தலை ஆடியது. அதுவரை ஜிமிக்கியில் மட்டும் தெரிந்தது இப்போது முகவாய்வரை தெரிந்தது. வாசலில் நின்றவர்களுக்கும் தெரிந்தது. வாய் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, தலை ஆமாம் ஆமாம் என்று அதன் மேலேறிப் பேசியது. பார்க்கவே சகிக்கவில்லை. ஒரே கழுத்தில் இரண்டு பேர் சண்டை போடுவதுபோல் இருந்தது.

மாமியார்க்காரி பெரியப்பா பக்கம் திரும்பினாள். “வாயி இல்லங்குது, தல ஆமாங்குது. சாமி கும்புடறவரு நீங்க சொல்லுங்க. உங்க வூட்ல எது சாமி?”

பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தலை சாமி இல்லை என்றால் இத்தனை செவ்வாய், இத்தனை வெள்ளி, அந்த ஆடு, அந்த இரட்டைப் பிள்ளை எல்லாம் போயிற்று. சாமிதான் என்றால் தங்கை போயிற்று. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியப்பா என்னைப் பார்த்தார்.

“பாப்பா, நீ பாத்துச் சொல்லு.”

அத்தை என்னைப் பார்த்தாள். ஒரு விரலைத் தன் கழுத்து நரம்பின்மேல் வைத்துக் காட்டினாள்.

நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். புட் வால்வு என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. வாசல் நிறைய ஆட்கள் நின்றார்கள். சொன்னால் சிரிப்பார்கள். மடியில் பன் லாரிச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

“ஆடுது” என்றேன். அது பொய் இல்லை.

“ஆடுனா?” என்றாள் மாமியார்க்காரி.

“ஆமாங்குது.”

ரோட்டில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அத்தை விரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “பன்னு நல்லாருந்துச்சா மருமவளே?”

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் உத்தரவு சொல்ல உட்காரவில்லை. ஆட்கள் வந்தால் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரில் நிழல் ஆடும். பயந்துபோய் ஆட்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. “ஐப்பசியில கல்லக்கா புடுங்கி முடியட்டும். பெங்களூருக்கு வழி கேட்டுக்கிட்டு நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார். அந்த வருஷம் கடலை நன்றாகப் பிடித்திருந்தது. பிடுங்கி முடிய நாளாகும்.

எனக்கு ஒரே கவலை. அத்தைக்கு என்மேல் கோபமா, இல்லையா? விழித்திருக்கும்போது கேட்டேன். “இல்லடி கண்ணு” என்றாள். வாய் அப்படிச் சொல்லும்போதே தலை ஆமாம் என்றது. ஊரே தலையை நம்பியது. நான் மட்டும் எப்படி வாயை நம்புவேன்? அதனால் மத்தியானத்தில் அவள் தூங்கும்போது கேட்டுப் பார்த்தேன். “அத்தை, எம்மேல கோவமா?” ஆமாம். மறுநாளும் ஆமாம். ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் ஆமாம். நரம்பு துடிப்பதால்தான் ஆடுகிறது என்று கண்டுபிடித்தவளே நான்தான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு அது மறந்துவிடும்.

இப்போது என் தலையும் ஆட ஆரம்பித்திருக்கிறது என்கிறார்கள். நான் போன பிறகு யாராவது உன்னிடம், கெழவி ஒத்துக்கிட்டாளா, தலையாட்டினாளே என்று கேட்டால், அதை நம்பாதே. என் வாயைக் கேள். வாயில் நான் நிறையப் பொய் சொல்லுவேன்தான். ஆனால் அது என்னுடைய பொய்.

ஐப்பசி வந்தது. கடலை பிடுங்கும் கடைசி நாள். எங்கள் வீட்டில் எல்லோரும் காட்டில். மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸுக்கு அப்பா அத்தையின் தகரப் பெட்டியை எடுத்து வாசற்படி ஓரமாக வைத்திருந்தார். நான் அத்தைக்குத் துணை. மூட்டைகளில் சாய்ந்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஓட்டின் வெயில் அதே இடத்தில் விழுந்திருந்தது. சுவரில் அவள் நிழல் வரைந்து வைத்ததுபோல் இருந்தது.

வழக்கம்போல் எதிரே உட்கார்ந்து கேட்டேன். “அத்தை, எம்மேல கோவமா?”

ஜிமிக்கி ஆடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். மறுபடி கேட்டேன். ஆடவில்லை. மூன்றாவது முறையும் கேட்டேன். சுவரைப் பார்த்தேன். நிழலும் ஆடவில்லை. அந்தத் தலை அத்தனை மாதத்தில் ஒருவருக்கும் சொல்லாத பதிலை எனக்குச் சொல்லிவிட்டது. எனக்கு இரண்டு காலும் தரையில் நிற்கவில்லை. அவள் தூக்கம் கலைந்துவிடக்கூடாது என்று பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து வாசலுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டு வாசலில் அக்காமார்கள் கடலைச் செடியைக் குவித்துப் போட்டுக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் போய்க் குதித்தேன்.

“எங்கத்தைக்கு எம்மேல கோவம் போயிடுச்சு! நெசமாத்தான் அக்கா! வேணும்னா வந்து நீங்களே கேட்டுப் பாருங்க, இல்லங்குது!”